நீரிலிருந்து தொடங்குங்கள்: அனிஷினாபே மொழி கற்க வருபவருக்கு ஒரு வழிகாட்டி

மிசிசாகாவில் வீடு, ஸ்பாடைனா சாலையில் வேலை, கோடை விடுமுறைக்கு மிஷிகன் ஏரி. டொரொன்டோ பக்கம் குடியிருக்கும் தமிழர் ஒருவர் இப்படிச் சொன்னால், தெரியாமலே மூன்று அனிஷினாபே சொற்களைச் சொல்லிவிட்டார். பெரிய ஆற்றுமுகம், மேடாக எழும் நிலம், பெரும் நீர் என்பவை அவற்றின் பொருள். தினமும் வாயில் புழங்கும் இந்தப் பெயர்களுக்குப் பின்னால் உயிரோடிருக்கும் ஒரு மொழி உண்டு. அதைக் கொஞ்சமாவது கற்க நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன். கனடா, அமெரிக்கா பக்கமே போகாதவரும், மொழிகள்மேல் ஆசை இருந்தால் தாராளமாகத் தொடங்கலாம்.

அனிஷினாபே மக்கள் வட அமெரிக்கப் பேரேரிகளைச் சுற்றி வாழ்பவர்கள். ஒஜிப்வே, ஒடாவா, பொட்டவாட்டமி ஆகிய மூன்று மக்களின் பழைய கூட்டணிக்கு 'மூன்று நெருப்புகள்' என்று பெயர். மிசிசாகா மக்களும் இந்தப் பெருங்குடும்பத்தில் அடக்கம். கனடாவில் ஒன்டாரியோ, மனிடோபா; அமெரிக்காவில் மிஷிகன், விஸ்கான்சின், மினசோட்டா. இந்தப் பரப்பெங்கும் அவர்கள் ஊர்கள் இருக்கின்றன. மொழியின் பெயர் அனிஷினாபேமொவின். ஒஜிப்வேமொவின் என்றும் சொல்வார்கள். அல்கொங்கியன் மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. கிரீ மொழி இதற்கு அக்கா தங்கை முறை.

ஏன் நீரிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்? இந்த மொழியில் நீரைச் சொல்வதற்கென்றே வினைச்சொற்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றைப் பிடித்துவிட்டால் இலக்கணத்தின் பாதி தானாகப் புரியும், ஊர்ப்பெயர்கள் பேசத் தொடங்கும்.

தொடங்கும் முன்: ஒரு நம்பிக்கையைக் கழற்றி வையுங்கள்

"அவர்கள் மொழியில் ஆறு, மலை, நீர் எல்லாமே உயிருள்ளவை, இலக்கணமே அப்படித்தான்" என்று இணையத்தில் நிறையப் பேர் உருகி எழுதுகிறார்கள். நல்ல எண்ணத்தில் எழுதுவதுதான், ஆனால் உண்மை வேறு. இந்த மொழியில் பெயர்ச்சொற்களுக்கு உயிருள்ளது, உயிரற்றது என்று இரண்டு திணைகள் உண்டு. நீர் என்பதற்கான 'நிபி' உயிரற்ற திணையில் வருகிறது. ஆறு (ஸீபி), ஏரி (ஸாகஇகன்), நிலம் (அகி) எல்லாம் அதே பக்கம்தான். ஆனால் கல் (அஸின்) உயிருள்ளது. பனிக்கட்டி (மிக்வம்), வெண்பனி (கூன்), சூரியன் (கீஸிஸ்), புகையிலை (அஸேமா) உயிருள்ளவை. ராஸ்பெரிப் பழம் உயிருள்ளது, ஸ்ட்ராபெரி உயிரற்றது. இத்தனைக்கும் ஸ்ட்ராபெரியை 'இதயப் பழம்' என்ற பொருளில் ஒடேஇமின் என்று பெயரிட்டுச் சடங்குகளில் பெருமதிப்போடு வைத்திருப்பவர்கள் அவர்கள்.

தமிழருக்கு இது குழப்பமாக இருக்க வேண்டியதில்லை. 'குழந்தை அழுகிறது' என்று அஃறிணை முடிபு போட்டுத்தான் நாமும் சொல்கிறோம். அதனால் குழந்தையை மனிதராக நினைக்கவில்லை என்று யாராவது முடிவு கட்டினால் ஒப்புக்கொள்வோமா? திணை என்பது நம்பிக்கைகளின் பட்டியல் ஆகாது.

அப்படியானால் நீரோடு உள்ள உறவு மொழியில் எங்கே தெரிகிறது? வினைச்சொல்லில், ஊர்ப்பெயரில், மாதப் பெயரில், பிறகு யாரை நோக்கிப் பேசுகிறோம் என்பதில். இந்தக் கட்டுரையின் படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன.

முதல் படி: காதைப் பழக்குங்கள்

இந்த மொழியை இன்று பெரும்பாலும் ரோமன் எழுத்தில், 'இரட்டை உயிர்' என்னும் முறையில் எழுதுகிறார்கள். குறில் ஒரு எழுத்து, நெடில் அதே எழுத்து இரண்டு தடவை. குறில் நெடில் நமக்குப் பிறவியிலேயே வந்த விஷயம் என்பதால் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் தடுமாறும் இடத்தை நாம் எளிதாகத் தாண்டிவிடுவோம். 'ஏ' ஒலி எப்போதும் நெடில்தான். அதை மட்டும் ஒற்றை எழுத்தால் எழுதுவார்கள். இரட்டை 'ஓ' நம் ஓகாரத்துக்கும் ஊகாரத்துக்கும் நடுவில் எங்கோ ஒலிக்கும்.

தமிழருக்கென்றே சில பொறிகள் இருக்கின்றன.

இஸட், எச் என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்துப் பார்த்ததும் நம் நாக்கு ழகரத்துக்கு மடங்கும். மடக்க வேண்டாம். அது 'ஷ' ஒலியை அதிர்வோடு சொல்வது. வணக்கம் என்பதற்கான 'பூஜூ' என்ற சொல்லில் நடுவில் வருவது அந்த ஒலிதான். தமிழ் எழுத்தில் அதை எழுத முடியாததால் இங்கே ஜகரம் போட்டிருக்கிறேன்.

மேற்குறி போல ஒரு புள்ளி சில சொற்களின் நடுவே வரும். அங்கே மூச்சைத் தொண்டையில் ஒரு கணம் நிறுத்த வேண்டும். ஸாகஇகன் என்பதில் 'க'வுக்கும் 'இ'க்கும் நடுவே உடம்படுமெய் போட்டு 'ஸாகயிகன்' என்று இழைத்துவிடாதீர்கள்.

அப்புறம் 'நீன்' என்றால் நான். 'கீன்' என்றால் நீ. இது முதல் வாரம் முழுக்க உங்களைப் படுத்தும். 'அவன்' என்றால் பனிமூட்டமாக இருக்கிறது என்று பொருள்.

தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ககரம் ஒன்றே இரண்டு ஒலிகளுக்கு வேலை செய்வது நமக்குப் பழக்கம். அங்கே அந்த வேறுபாடு பொருளையே மாற்றும். இந்தக் கட்டுரையில் உள்ள தமிழ் எழுத்துகளை ஊன்றுகோலாக மட்டும் கொள்ளுங்கள். ஒலியை மினசோட்டா பல்கலைக்கழகத்தின் 'ஒஜிப்வே பீப்பிள்ஸ் டிக்‌ஷனரி' என்ற இலவச இணைய அகராதியில் கேளுங்கள். அதில் பல சொற்களை மூத்த பேச்சாளர்களின் குரலிலேயே கேட்கலாம். ஒரே சொல்லை இரண்டு பேர் சொல்வதைக் கேட்டால் வட்டார வேறுபாடும் பிடிபடும். ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் அது எந்தத் திணை, எந்த வகை வினை என்ற குறி இருக்கும். தொடக்கத்திலிருந்தே அந்தக் குறியையும் சேர்த்து மனப்பாடம் செய்யுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பின்னால் எல்லாவற்றையும் திரும்பப் படிக்க வேண்டி வரும்.

இரண்டாம் படி: நீரின் வினைகள்

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். மற்றவை கொஞ்சம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை.

வானிலையில் ஆரம்பியுங்கள். கிமிவன்: மழை பெய்கிறது. ஸூகிபொன்: பனி பொழிகிறது. நூடின்: காற்றடிக்கிறது. தமிழில் மழை என்று ஒரு பெயர், பெய்கிறது என்று ஒரு வினை. அங்கே ஒரே சொல். அதுவே முழு வாக்கியம். முன்னால் 'கீ' சேர்த்தால் இறந்தகாலம், 'ட' சேர்த்தால் எதிர்காலம். கீ-கிமிவன், மழை பெய்தது. ட-கிமிவன், மழை பெய்யும். காலையில் சன்னலைத் திறந்ததும் பொருந்தும் சொல்லை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு குளிர்காலம் முடிவதற்குள் இவை உங்கள் சொற்கள் ஆகிவிடும்.

அடுத்து ஓட்டம். 'ஜிவன்' என்று முடியும் வினைகள் எல்லாம் நீரோட்டத்தைச் சொல்பவை. பிமிஜிவன் என்றால் நீர் ஓடிக்கொண்டு போகிறது. கிஜீஜிவன் என்றால் விரைந்து ஓடுகிறது. ஸாகிஜிவன் என்றால் ஓரிடத்திலிருந்து வெளியே பாய்கிறது. முன்பகுதி மாற மாற நீரின் போக்கு மாறுகிறது. நீர் என்ற பெயரை எங்கும் சொல்லவே தேவையில்லை. ஓடுவது நீர் என்பது வினைக்குள்ளேயே இருக்கிறது. மினசோட்டாவில் செயின்ட் லூயிஸ் ஆறு சுபீரியர் ஏரியை நெருங்கும் பகுதியில் வாழும் ஃபாண்ட் டு லாக் மக்கள் தங்கள் ஊரை நகாஜிவனாங் என்கிறார்கள். ஓட்டம் நின்றுபோகும் இடம். ஆறு ஏரியில் கலந்து அடங்கும் நிலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் வைத்த பெயர்.

மூன்றாவது கூட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பொருள் சிவப்பாக இருந்தால் மிஸ்க்வா. அதுவே நீர்மம் என்றால் மிஸ்க்வாகமின். பொருள் சுத்தமாக இருந்தால் பீனட். நீர் சுத்தமாக இருந்தால் பீனாகமின். பொருள் சூடாக இருந்தால் கிஜிடே; நீர்மம் சூடாக இருந்தால் கிஜாகமிடே. அதாவது நிறம், சுத்தம், சூடு என்று எதைச் சொல்ல வந்தாலும், சொல்லப்படுவது நீர்மமா இல்லையா என்று பேசுபவர் முதலில் கவனித்தாக வேண்டும். கவனிக்காமல் வாயைத் திறக்க முடியாது. மினசோட்டாவின் ரெட் லேக் ஏரிக்கு மிஸ்க்வாகமீவி-ஸாகஇகன் என்று பெயர். அதற்குள் இருக்கும் 'மிஸ்க்வாகமி'யை இப்போது நீங்களே பிரித்துவிடுவீர்கள்.

சமையலறையிலும் இதைத் தொடரலாம். 'ஆபூ' என்று முடிந்தால் அது ஒரு சாறோ பானமோ. இலையின் சாறு அனீபீஷாபூ: தேநீர். டூடூஷாபூ என்றால் பால். கருப்பு மருந்துச் சாறு என்ற பொருளில் மக்கடே-மஷ்கிகிவாபூ: காப்பி. நெருப்புச் சாறு இஷ்கொடேவாபூ: சாராயம். மேப்பிள் மரத்தில் வடியும் இனிப்பு நீர் ஸீன்ஸிபாக்வட்வாபூ. பெயர் நீளமாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். ஒட்டி ஒட்டிச் சொல்லாக்குவது தமிழருக்குப் புதிதில்லை.

மூன்றாம் படி: திணைக்கு ஏற்ற வினை

'பார்க்கிறேன்' என்பதற்கு இரண்டு வினைகள். மரத்தைப் பார்த்தால் நிவாபமா மிட்டிக். நீரைப் பார்த்தால் நிவாபண்டான் நிபி. பார்க்கப்படுவது உயிருள்ள திணையா உயிரற்ற திணையா என்பதைப் பொறுத்து வினையின் உடம்பே மாறுகிறது. நம் மொழியில் திணை எழுவாயோடு நின்றுவிடும். அங்கே செயப்படுபொருளையும் பிடிக்கிறது. உருகுவதற்கும் இரண்டு சொற்கள்: பனிக்கட்டி உருகினால் நிங்கிஸொ, உயிரற்ற திணைப் பொருள் உருகினால் நிங்கிடே.

பன்மையும் திணையைச் சொல்லிவிடும். மிட்டிக் என்ற ஒரே சொல் நிற்கும் மரத்தையும் குறிக்கும், கையில் பிடிக்கும் குச்சியையும் குறிக்கும். மரங்கள் என்றால் மிட்டிகூக், உயிருள்ளவை. குச்சிகள் என்றால் மிட்டிகூன், உயிரற்றவை. ககரத்தில் முடிந்தால் உயிருள்ள பன்மை, னகரத்தில் முடிந்தால் மற்றது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்.

இனி முக்கியமான இடம். நேசிப்பதற்கும் இப்படி இரண்டு வினைகள் உண்டு. உயிரற்ற திணைப் பொருளுக்கு ஸாகிடூன் என்ற வினை; உயிருள்ளவருக்கு ஸாகிஇ. நீரைப் பற்றிப் பேசும்போது நிபி உயிரற்ற திணை. ஆனால் நீர்ச் சடங்குகளில் பெண்கள் நீரை நோக்கிப் பாடும்போது, ஆளை முன்னால் வைத்துச் சொல்வதுபோல, உயிருள்ளவருக்கான வினையைப் போட்டு 'உன்னை' என்று பாடுகிறார்கள். அகராதி சொல்லும் திணை ஒன்று, நீரின் முன் நிற்பவர் எடுக்கும் வினை வேறு. உறவு இருப்பது இரண்டாவதில். இதனால்தான் பெயர்ச்சொல் பட்டியலோடு கற்பதை நிறுத்திவிடாதீர்கள் என்கிறேன்.

நான்காம் படி: நாம், நாங்கள்

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம், ஏனென்றால் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கேட்பவரையும் சேர்த்தால் நாம்: கீனவிண்ட். கேட்பவரை விலக்கினால் நாங்கள்: நீனவிண்ட். ஆங்கிலம் வழியாக வருபவர் மாதக்கணக்கில் போராடும் வேறுபாடு இது. நமக்கு ஒரு நிமிடம் போதும். 'கி' என்று தொடங்கினால் எதிரில் இருப்பவரும் உள்ளே. 'நி' என்று தொடங்கினால் வெளியே. கிடக்கீமினான் என்றால் நம் நிலம். நிண்டக்கீமினான் என்றால் எங்கள் நிலம்.

பேரேரிகள் வட்டாரத்து ஒஜிப்வே குழுக்களின் மீன், வனவிலங்கு ஆணையம் 1836, 1837, 1842 ஒப்பந்தங்களின்படி விட்டுக்கொடுக்கப்பட்ட நிலங்களின் ஊர், ஏரிப் பெயர்களைத் தொகுத்து ஒரு நிலப்படத் தொகுப்பு வெளியிட்டது. அதற்கு வைத்த பெயர் கிடக்கீமினான். 'எங்கள்' என்று வைத்திருக்கலாம். அதற்கு எல்லா நியாயமும் உண்டு. 'நம்' என்று வைத்தார்கள். வந்து குடியேறியவர்கள் நன்றியோடு யோசிக்க வேண்டிய பெயர் அது என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் படி: நிலப்படத்தைத் திறங்கள்

நிலப்படத்தில் ங் என்று முடியும் பெயர்களைத் தேடுங்கள். அது பெரும்பாலும் நம் 'இல்' உருபு. நிபீங் என்றால் நீரில். நிபிஸிங் ஏரியின் பெயரிலும் நிபிதான் இருக்கிறது. ஹியூரன் ஏரிக் கரையில் உள்ள சாகீன் என்பது ஆற்றுமுகத்தில் என்ற பொருளில் ஸாகீங். சூ செயின்ட் மேரிக்கு அவர்கள் சொல்லும் பெயர் பாவிட்டிகொங்: ஆறு பாறைகளில் மோதிப் பாயும் இடத்தில். படகைத் தோளில் தூக்கிக் கரைவழி நடந்து அடுத்த நீருக்குப் போகும் தடத்துக்கு ஒனிகம் என்று பெயர். டொரொன்டோவின் டாவென்போர்ட் சாலை அப்படி ஒரு பழைய தடத்தின் மேல் போகிறது. அங்கே சில தெருப்பலகைகளில் அனிஷினாபே பெயரும் இருக்கும், போனால் பாருங்கள். ஸ்பாடைனா என்பது இஷ்படினா என்ற வினை. 'நிலம் உயர்ந்து எழுகிறது' என்பது ஒரு முழு வாக்கியம். அதன்மேல் டிராம் ஓடுகிறது.

எல்லாப் பெயரையும் இந்த மொழிக்குக் கட்டிவிடாதீர்கள். டொரொன்டோ, ஒன்டாரியோ இரண்டும் இரொக்வோயன் மொழிகளிலிருந்து வந்தவை. வினிபெக் என்பது கிரீ மொழியில் கலங்கல் நீர். அதில் நீருக்கு நிபி போன்றே ஒரு சொல் இருப்பது, இரண்டும் ஒரே குடும்பம் என்பதால்.

வினிபெக் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த நகரம் குடிப்பது ஷோல் ஏரியின் நீரை. 1919-இல் முடிந்த கால்வாய் வழியாக அது வருகிறது. அந்தக் கால்வாய் வேலையில் நிலம் துண்டிக்கப்பட்டு, தங்கள் ஊர் தீவுபோல் ஆகிவிட்டவர்கள் ஷோல் லேக் 40 என்ற அனிஷினாபே மக்கள். அவர்களின் ஏரி நீர் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில், 1997 முதல் 2021 வரை, அவர்கள் மட்டும் நீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டியிருந்தது. பெருஞ்சாலையோடு இணைக்கும் சாலையே 2019-இல்தான் திறந்தது. பீனாகமின் என்ற வினையைப் படிக்கும்போது இந்த ஊரையும் சேர்த்துப் படியுங்கள்.

உங்கள் வீட்டுக் குழாயில் வருவது எந்த நீர், நீங்கள் இருக்கும் நிலம் எந்த ஒப்பந்தத்தில் வருகிறது என்பதையும் இந்தப் படியிலேயே தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். டொரொன்டோவின் நிலம் மிசிசாகாஸ் ஆஃப் தி கிரெடிட் மக்களோடு செய்த 13-ஆம் ஒப்பந்தத்திலும், பல மிசிசாகா, சிப்பேவா (ஒஜிப்வேயின் இன்னொரு பெயர்) குழுக்களோடு 1923-இல் செய்த வில்லியம்ஸ் ஒப்பந்தங்களிலும் அடங்குகிறது. முதல் ஒப்பந்தத்தின் நில வழக்கு 2010-இல்தான் 14.5 கோடி டாலரில் தீர்ந்தது.

ஆறாம் படி: மாதங்களும் மனூமினும்

மாதப் பெயர்களை அட்டவணையாக மனப்பாடம் செய்வதில் பயனில்லை. ஒவ்வொன்றும் ஒரு வேலையையோ நீரின் நிலையையோ சொல்கிறது. அதோடு சேர்த்துப் படித்தால் தங்கும். ஏப்ரல் வாக்கில் இஸ்கிகமிஸிகே-கீஸிஸ்: மேப்பிள் நீரைக் காய்ச்சி வற்றவைக்கும் மாதம். ஜூனில் ஸ்ட்ராபெரி மாதம். நவம்பரில் கஷ்கடினோ-கீஸிஸ்: ஏரிகள் உறைந்து மூடும் மாதம். ஊருக்கு ஊர் பெயர் மாறும், மாதமும் முன்பின் ஆகும். வடக்கே ஏரி முன்னதாக உறைந்தால் பெயரும் முன்னதாக வரத்தானே வேண்டும்?

கோடை முடிவில் வருவது மனூமினிக்கே-கீஸிஸ், மனூமின் அறுக்கும் மாதம். மனூமின் ஆழமற்ற ஏரிகளிலும் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் தானாக விளையும் தானியம், ஆங்கிலத்தில் 'வைல்டு ரைஸ்'. நம் நெல்லுக்குத் தூரத்து உறவு, ஆனால் வேறு இனம். கருப்பு கவுனியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்கே வந்த தங்கள் முன்னோருக்கு, நீரின் மேல் உணவு விளையும் இடத்தில் தங்குங்கள் என்று வாக்குக் கிடைத்ததாக அவர்கள் மரபு சொல்கிறது. அந்த உணவு இதுதான்.

அறுவடைக்கு இரண்டு பேர் ஒரு படகில் போவார்கள். ஒருவர் நின்று நீண்ட கழியால் படகைத் தள்ளுவார். மற்றவர் உட்கார்ந்து, ஒரு குச்சியால் கதிரைப் படகுக்குள் வளைத்து, இன்னொரு குச்சியால் மெல்லத் தட்டுவார். பழுத்த மணி மட்டும் உதிரும். பழுக்காதது கதிரிலேயே நிற்கும். நீரில் விழுவது அடுத்த வருடத்துக்கு விதை. பிறகு உலர்த்தி, வறுத்து, மென்மையான காலணியோடு மிதித்து உமி நீக்கி, முறத்தில் புடைப்பார்கள். இந்த ஒவ்வொரு வேலைக்கும் தனி வினை உண்டு. மொத்த வேலைக்கும் சேர்த்து ஒரே வினை மனூமினிக்கே.

இந்தச் செடிக்கு நீர்மட்டம் உயிர். இலை நீரில் மிதக்கும் பருவத்தில் மட்டம் திடீரென ஏறினால் வேரோடு பெயர்ந்துவிடும். அணை கட்டி மட்டத்தை மாற்றிய பல இடங்களில் மனூமின் போனது இப்படித்தான். சல்ஃபேட்டும் ஆகாது. மனூமின் விளையும் நீரில் அது லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று மினசோட்டா மாநிலம் 1973-இலேயே விதி செய்தது. அந்த விதியைச் செயல்படுத்தச் சொல்லிச் சுரங்கங்களோடு இன்றும் இழுபறி நடக்கிறது. வைட் எர்த் ஒஜிப்வே மக்கள் 2018-இல் மனூமினுக்கே சட்ட உரிமைகள் உண்டு என்று தங்கள் சட்டமாக இயற்றினார்கள். மனூமின் இலக்கணத்தில் உயிரற்ற திணை என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

வாங்கிச் சமைக்க நினைத்தால் பையைப் படியுங்கள். 'வைல்டு ரைஸ்' என்று விற்பதில் பெரும்பகுதி கலிஃபோர்னியா, மினசோட்டா வயல்களில் பயிரிட்டு இயந்திரத்தில் அறுத்தது. ஏரியில் கையால் அறுத்தது, எந்தப் பழங்குடி ஊரிலிருந்து வருகிறது என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். விலை அதிகம். ஆனால் அந்தப் பணம் போக வேண்டிய கைக்குப் போகும். பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்தில் இருக்கும், வயலில் விளைந்த கருப்பு மணியைவிடச் சீக்கிரம் வேகும்.

ஏழாம் படி: மனிதரிடம் போங்கள்

அகராதியோடு வீட்டிலேயே இருந்தால் இந்த மொழி கைகூடாது. டொரொன்டோ பல்கலைக்கழகம், தண்டர் பேயில் லேக்ஹெட் பல்கலைக்கழகம், சூ செயின்ட் மேரியில் அல்கோமா பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பாடங்கள் நடந்திருக்கின்றன. பல ஊர்களில் பழங்குடி மக்களுக்கான நட்பு மையங்களில் மாலை வகுப்புகள் உண்டு. விஸ்கான்சினில் லாக் கோர்ட் ஒரெய் மக்கள் நடத்தும் வாடூக்கோடாடிங் பள்ளியில் குழந்தைகள் எல்லாப் பாடத்தையும் இந்த மொழியிலேயே படிக்கிறார்கள். வகுப்பில் சேரும் முன் எந்த வட்டார வழக்கு என்று கேளுங்கள். ஹியூரன் ஏரியில் உள்ள மனிடூலின் தீவுப் பக்கம் குறில்கள் பல விழுந்துவிடும்: அனிஷினாபே அங்கே நிஷ்னாபே, மகிஸின் என்ற காலணி ம்கிஸின். தொடக்கத்தில் ஒரே வழக்கைப் பிடித்துக்கொள்வது நல்லது.

அல்கோமா பல்கலைக்கழகம் இருக்கும் இடம் முன்பு ஷிங்வாக் உண்டுறைப் பள்ளி. பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய், தாய்மொழி பேசினால் அடித்த பள்ளிகள் கனடா முழுக்க இருந்தன. உங்களுக்குச் சொல்லித்தரும் மூத்தவர் அந்தப் பள்ளியில் இருந்தவராகவோ, அங்கிருந்து வந்தவரின் பிள்ளையாகவோ இருக்கலாம். அவரே சொன்னால் கேளுங்கள், தோண்டாதீர்கள். உங்கள் வயது இளைஞர் ஒருவர் தன் மொழி தனக்குத் தெரியாது என்றால் ஆச்சரியம் காட்டாதீர்கள். நீங்கள் நாலு வார்த்தை கற்றதை அவர் முன் காட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

மூத்தவரிடம் பாடம் கேட்கப் போனால் கொஞ்சம் புகையிலை, அஸேமா, கொண்டுபோவது மரபு. சிறு துணியில் முடிந்து, என்ன கேட்க வந்தீர்கள் என்று சொல்லிக் கொடுங்கள். எடுத்துக்கொண்டால் சம்மதம். எடுக்காவிட்டால் வற்புறுத்தக் கூடாது. ஏரியில், காட்டில் எதையாவது எடுக்கும் முன்னும் புகையிலை வைப்பார்கள். ஆடிஸூக்கான் எனப்படும் புனிதக் கதைகளைத் தரையில் பனி இருக்கும்போதுதான் சொல்வார்கள். ஜூலையில் போய் ஒரு கதை சொல்லுங்கள் என்று கேட்டால் சங்கடப்படுவார்கள். சாதாரண நிகழ்ச்சிகளைப் பேசும் டிபாஜிமொவினுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

நீரைச் சுமந்து நடக்கும் சடங்கான நீர் நடையில் சேரும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். அனிஷினாபே மரபில் நீருக்குப் பொறுப்பு பெண்கள். மனிடூலின் தீவின் விக்வெமிகூங் ஊரைச் சேர்ந்த ஜோசஃபின் மண்டமின் 2003-இல் சுபீரியர் ஏரியைச் சுற்றி ஒரு செப்பு வாளியில் நீரைச் சுமந்து நடந்தார். பிறகு ஐந்து பேரேரிகளையும் சுற்றினார். 2019-இல் மறைந்தார். அவருக்குப் பேத்தி முறையான ஆட்டம் பெல்டியர் என்ற பெண் அதே வருடம், ஒன்டாரியோ அனிஷினாபே ஊர்களின் கூட்டமைப்பான அனிஷினாபெக் நேஷனின் தலைமை நீர் ஆணையர் ஆனார். அப்போது வயது பதினான்கு. நடையில் வாளியைப் பெண்களே ஏந்துவார்கள், ஆண்கள் கழுகிறகுக் கோலை ஏந்துவார்கள். வாளி நிற்பதும் இல்லை, திரும்புவதும் இல்லை. கைமாறும்போதும் நடந்துகொண்டே மாறும். பெண்கள் நீளப் பாவாடை அணிவது வழக்கம், புடவையோ பாவாடையோ கட்டிப் பழகியவருக்கு அது பிரச்சினையே இல்லை. படம் எடுக்கும் முன் கேளுங்கள். சடங்கு நடக்கும்போது பொதுவாக எடுக்க விடமாட்டார்கள். நடப்பவர்கள் சொல்லும் உறுதிமொழியில் 'நிபி ஒன்ஜி' என்று வரும். நீருக்காக என்று பொருள். உங்களுக்கு அதற்குள் நிபி தெரிந்திருக்கும்.

அறிமுகம் செய்துகொள்ளும் விதத்தையும் பழகி வையுங்கள். முதலில் பூஜூ. பிறகு பெயர், பிறகு டூடேம் எனப்படும் குலம், பிறகு ஊர். கொக்கு, கரடி, ஆமை, மீன் என்று குலங்கள் உண்டு. அவை பிறப்பாலோ ஏற்பாலோ வருபவை. பிடித்திருக்கிறது என்று நீங்களாக ஒன்றை எடுத்துக்கொள்ளக் கூடாது, அதைத் தாண்டிவிடுங்கள். பெயருக்குப் பின் நிண்டிஜினிகாஸ் என்று சேர்த்தால் 'என் பெயர்' ஆகிவிடும். ஊருக்குப் பின் நிண்டூன்ஜிபா என்று சேர்த்தால் அந்த ஊரிலிருந்து வருகிறேன் என்று பொருள். பிறந்த ஊரையும் சொல்லலாம், இப்போது இருக்கும் ஊரையும் சொல்லலாம். எந்த ஆற்றங்கரை என்று அடுத்து யாராவது கேட்கக்கூடும். அதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கட்டும்.